ஒரு முழக் குழியும் சாய்ந்த களஞ்சியமும்

மனை வாங்குகிறவர், அந்த மண் தன் வீட்டைத் தாங்குமா என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு நம் மரபில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. மனையின் நடுவே ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். வெட்டி எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு அதை நிரப்ப வேண்டும். குழி நிரம்பியும் மண் மிஞ்சினால் அந்த நிலம் உத்தமம். சரிமட்டமாக நின்றால் மத்திமம். மண் போதாமல் குழி குறைபட்டால் அதமம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில் இது இருக்கிறது. மயமதமும் இதைச் சொல்கிறது. மனையடி சாஸ்திரம் என்ற பெயரில் நம்மிடையே புழங்கும் சிறுநூல்களின் வழியாக இன்றும் பல மேஸ்திரிகளுக்கு இது தெரியும்.

இந்நூல்கள் மண்ணின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்க்கச் சொல்கின்றன. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வருணத்துக்கு ஒரு மண்ணை ஒதுக்கவும் செய்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுக் குழியை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் உண்மையான இயற்பியல் இருப்பது தெரியும். இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் அது உதிர்ந்து இடைவெளிகளோடு பெருகும். பழைய இடத்தில் அடங்காது, மிஞ்சும். ஏற்கெனவே பொலபொலவென்று இருந்த மண்ணோ, போட்டு மிதித்ததும் படிந்து குறைந்துவிடும். ஆக, இது மண்ணின் அடர்த்தியை அளக்கும் சோதனை. இன்று சாலைப் பணிகளில் குழி தோண்டி, அதில் அளந்த மணலைக் கொட்டி மண்ணின் அடர்த்தியைக் கணக்கிடுகிறார்களே, அதற்கு இதைத் தூரத்து மூதாதை எனலாம்.

வராகமிகிரர் இன்னொரு சோதனையையும் தருகிறார். குழியில் நீர் நிரப்பிவிட்டு நூறு அடி நடந்து திரும்பி வந்து பார்க்க வேண்டும். நீர் குறையாமல் இருந்தால் நல்ல நிலம். இது மண் எவ்வளவு விரைவாக நீரை உறிஞ்சுகிறது என்பதை அளக்கிறது. இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்; சற்று நேரத்தில் தேவைப்படும்.

மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீட்டுக்கு இந்தச் சோதனைகள் போதுமானவையாகவே இருந்திருக்கும். அந்த வீட்டின் எடை குறைவு. இடுப்பளவு ஆழத்தில் கடைக்கால் எடுத்துக் கல் அடுக்கினால், அதன் பாரம் சில முழ ஆழத்துக்குள் கரைந்துபோகும். சுவர் கொஞ்சம் கீறினாலும் பூசிக்கொள்ளலாம். கட்டடத்தின் அளவு மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. அந்தச் சிக்கல் எத்தகையது என்பதை உலகத்துக்குத் துல்லியமாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று கனடாவில் நடந்தது.

*

கனடாவின் மானிடோபா மாநிலத்தில், வின்னிபெக் நகரை ஒட்டிய வடக்கு டிரான்ஸ்கோனா என்ற இடத்தில், கனேடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் 1911-ஆம் ஆண்டு ஒரு தானியக் களஞ்சியத்தைக் கட்டத் தொடங்கியது. மேற்குச் சமவெளிகளில் விளையும் கோதுமையைச் சேமித்து ரயிலில் ஏற்றி அனுப்புவதற்கான கிடங்கு. பத்து லட்சம் புஷல் கொள்ளளவு. 65 உருளை வடிவக் கான்கிரீட் குதிர்கள், வரிசைக்குப் பதின்மூன்றாக ஐந்து வரிசைகளில் நின்றன. எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்க 77 அடி அகலமும் 195 அடி நீளமும் உடைய ஒரே கான்கிரீட் தளம், தரைமட்டத்திலிருந்து பன்னிரண்டடி ஆழத்தில் போடப்பட்டது. காலியாக இருக்கும்போதே கட்டடத்தின் எடை சுமார் 20,000 டன்.

மண்ணைச் சோதிக்காமல் அவர்கள் கட்டிவிடவில்லை என்பதை இங்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பள்ளம் தோண்டியபின் அதன் அடியில் சிறிய பரப்பொன்றின்மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தக் களிமண் சதுர அடிக்கு நான்கு டன்னுக்குக் குறையாமல் தாங்கும் என்று சோதனை சொன்னது. களஞ்சியம் நிரம்பினாலும் மண்மேல் இறங்கும் அழுத்தம் சதுர அடிக்கு மூன்று டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கணக்கு சரியாக இருந்தது. அக்காலத்தின் நல்ல பொறியாளர் எவரும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்.

1913 செப்டம்பரில் தானியம் நிரப்பத் தொடங்கினார்கள். எல்லாக் குதிர்களிலும் ஏறத்தாழச் சமமாகவே நிரப்பினார்கள். அக்டோபர் 18-ஆம் தேதி உள்ளே 8,75,000 புஷல் இருந்தபோது கட்டடம் கீழிறங்குவதைக் கண்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அது ஓரடி அமிழ்ந்தது. பின்னர் மேற்குப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. இடிந்து விழவில்லை, ஓசையோடு நொறுங்கவும் இல்லை. ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் மண்ணுக்குள் புதைந்தது. மறுபக்கம் அடித்தளம் மேலே எழும்பியது. சுற்றிலும் தரை பிதுங்கி மேடாயிற்று.

கட்டடத்துக்கு ஏறத்தாழ ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் வியப்பு. குதிர்கள் உடையவில்லை. கான்கிரீட் தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. தோற்றது அதன் கீழிருந்த மண். அந்தத் திடமே பின்னர் அதைக் காப்பாற்றியது. தானியத்தை இறக்கிவிட்டு, கட்டடத்துக்கு அடியில் சுரங்கம் அமைத்து, பாறைவரை கான்கிரீட் தூண்களை இறக்கி, உயர்ந்து நின்ற பக்கத்தில் மண்ணை அகழ்ந்து, திருகு ஜாக்கிகளைக் கொண்டு அதை நிமிர்த்தினார்கள். முன்பைவிட மிக ஆழமாகப் புதைந்த நிலையில் களஞ்சியம் நேராக நின்றது. மீண்டும் தானியமும் நிரப்பப்பட்டது.

நிமிர்த்தியாயிற்று. ஆனால் ஏன் சாய்ந்தது?

*

இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1951-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் அந்த இடத்துக்குப் போய்த் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களிலிருந்து மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். ரால்ஃப் பெக், பிரையண்ட் ஆகிய இருவரும் அதன் முடிவுகளை 1953-இல் வெளியிட்டார்கள்.

பனியுகத்தின் முடிவில் உருகிய நீரால் வட அமெரிக்காவின் நடுவே கடல்போன்ற ஓர் ஏரி இருந்தது. புவியியலாளர்கள் அதற்கு அகாசிஸ் ஏரி என்று பெயரிட்டிருக்கிறார்கள். வின்னிபெக் நகரமே அந்த ஏரியின் வற்றிய படுகையில்தான் இருக்கிறது. நீர் வடிந்தபின், ஏரிக்களிமண்ணின் மேற்பகுதி காற்றிலும் வெயிலிலும் உலர்ந்து இறுகிவிட்டது. அடிப்பகுதி அப்படியே ஈரத்தோடு மென்மையாகக் கிடந்தது. அதற்கும் கீழே, தரையிலிருந்து சுமார் பதினைந்து மீட்டர் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறை. சுருங்கச் சொன்னால், ஆறிய பாலின்மேல் படிந்த ஆடையின்மீது கட்டடத்தை வைத்திருந்தார்கள்.

அப்படியானால் 1911-இல் செய்த சோதனை ஏன் ஏமாற்றியது? ஒரு பாரத்தை மண்மேல் வைத்தால் அதன் அழுத்தம் கீழே போகப் போகப் பரவி மெலிந்துகொண்டே போகும். எவ்வளவு ஆழத்தில் மெலியும் என்பது பாரத்தின் எடையை மட்டும் பொறுத்ததல்ல, அது அமர்ந்திருக்கும் பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. பொதுவாக, அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஓரடிப் பலகையின்மேல் பாரம் ஏற்றினால் இரண்டடிக்குக் கீழே உள்ள மண்ணுக்கு அது ஏறத்தாழத் தெரியவே தெரியாது. 77 அடி அகலத் தளத்தின்மேல் அதே அழுத்தத்தை ஏற்றினால், கீழிருக்கும் மென்களிமண் முழுவதும், பாறைவரைக்கும், அந்தப் பாரத்தை உணரும். சோதனை பொய் சொல்லவில்லை. அது மேலாடையிடம் மட்டும் கேட்டது. மேலாடை தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னது. பெக்கும் பிரையண்டும் எல்லா ஆழங்களிலும் எடுத்த மண்ணின் வலிமையைக் கொண்டு கணக்கிட்டபோது, தாங்குதிறன், சாய்ந்த கணத்தில் இருந்த அழுத்தத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனது.

இப்போது வராகமிகிரரின் குழிக்குத் திரும்பலாம். டிரான்ஸ்கோனாவில் ஒரு முழக் குழி தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறுகிய மேற்களிமண் வெட்டியதும் பெருகும். குழி நிரம்பி மண் மிஞ்சும். உத்தமம். நீரை ஊற்றி நூறடி நடந்து திரும்பினால்? களிமண் நீரை எளிதில் விடாது. மறுபடியும் உத்தமம். ரயில்வே பொறியாளர்களின் சோதனைக்கும் நம் சாஸ்திரத்தின் சோதனைக்கும் இடையே பதினான்கு நூற்றாண்டுகள் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. கேள்வி சரியானது, கேட்ட ஆழம்தான் போதவில்லை.

*

களஞ்சியம் சாய்ந்த அதே காலத்தில், வேறு இடங்களில் வேறு சிலர் மண்ணை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், களிமண் எவ்வளவு ஈரத்தில் குழம்பாகிறது, எவ்வளவு ஈரத்தில் பிசையத்தக்கதாகிறது, எப்போது உதிர்கிறது என்பதற்கு எல்லைகளை 1911-இல் வகுத்தார். அவருக்கு இருந்த அக்கறை வேளாண்மை சார்ந்தது. அந்த எல்லைகள் இன்று உலகெங்கும் ஒவ்வொரு மண் அறிக்கையிலும் அவர் பெயரால் இடம்பெறுகின்றன. நிலச்சரிவுகளால் ரயில் பாதைகளை இழந்துகொண்டிருந்த சுவீடன், 1914-இல் ஒரு குழுவை அமைத்தது. வால்மார் ஃபெலேனியஸ் தலைமையில் அது 1922 வரை இயங்கி, மண்மாதிரிகளை எடுக்கவும் அளக்கவும் முறைகளை வகுத்தது.

ஆனால் இந்தத் துறைக்கு அதன் மையக் கருத்தைத் தந்தவர் கார்ல் டெர்சாகி. 1883-இல் பிராகாவில் பிறந்த ஆஸ்திரியர். 1912, 1913 ஆண்டுகளில் அமெரிக்காவின் அணைக்கட்டுத் தலங்களைச் சுற்றி, நிலத்தின் தன்மைக்கும் கட்டடங்களின் நடத்தைக்கும் உள்ள தொடர்பைத் தரவுகளிலிருந்து கண்டுபிடிக்க முயன்று, ஏமாற்றத்தோடு திரும்பினார். முதல் உலகப்போர்க் காலத்தில் இஸ்தான்புல்லில் ஆசிரியப் பணி கிடைத்தது. போர் முடிந்தபின் அங்கேயே ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கையில் அகப்பட்ட பாத்திரங்களையும் கொண்டு கருவிகள் செய்து மணலையும் களிமண்ணையும் அழுத்திப் பார்த்தார். 1925-இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் நூலிலிருந்துதான் மண் இயக்கவியல் ஒரு துறையாகத் தொடங்குகிறது.

டெர்சாகி கண்டதை எளிமையாக இப்படிச் சொல்லலாம். மண் என்பது துகள்கள் மட்டுமல்ல, துகள்களுக்கு இடையிலுள்ள நீரும் சேர்ந்தது. ஈரக் களிமண்ணின்மேல் பாரம் ஏற்றியதும் அதை முதலில் தாங்குவது நீர். நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, பாரம் துகள்களுக்கு மாறுகிறது, துகள்கள் நெருங்குகின்றன, மண் இறுகி வலிமை பெறுகிறது, கட்டடம் அமிழ்கிறது. மணலில் இது உடனே நடந்துவிடும். களிமண்ணில் ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். மண் என்ற பொருளுக்குள் காலம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர்.

இந்த ஒளியில் பார்க்கும்போது பைசா கோபுரத்தின் கதையே மாறிவிடுகிறது. 1173-இல் தொடங்கிய கட்டுமானம் ஐந்தே ஆண்டுகளில் நின்றது. மறுபடியும் வேலை நடந்தது 1272-இல்தான். மீண்டும் ஓர் இடைவெளி. மணிக்கூடம் முடிந்தபோது ஆண்டு 1370-ஐ ஒட்டியிருந்தது. இடையில் போர்களும் பிற தடைகளும் வந்ததைத் துரதிர்ஷ்டம் என்று அந்நகரத்தார் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளிகளில்தான் அடியிலிருந்த களிமண் நீரை இழந்து வலுப்பெற்றது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் விழுந்திருக்கும் என்பது மண்ணியலாளர்கள் கணக்கிட்டுச் சொல்வது. 1990-இல் மூடப்பட்ட கோபுரத்தை, சாயாத வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்து அரைப்பாகை அளவு நிமிர்த்தி, 2001-இல் திறந்தார்கள். டிரான்ஸ்கோனாவில் ஜாக்கிகளோடு செய்ததன் நுண்ணிய வடிவம் அது.

*

ஆழத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எப்படிக் கேட்பது? முன்பெல்லாம் துளைக்குள் நீரைப் பாய்ச்சி, வெளியே வரும் சேற்றைப் பார்த்து மண்ணை ஊகிப்பார்கள். சேற்றில் மண் தன் வடிவத்தை இழந்திருக்கும். 1902-இல் பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் கோ என்ற ஒப்பந்ததாரர், துளையின் அடியில் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணை அப்படியே எடுக்கத் தொடங்கினார். எடுத்த மண்ணைப் போலவே, குழாய் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்பதும் ஒரு செய்தி என்று பின்வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். 1947-இல் டெர்சாகி அதைத் தரப்படுத்திய ஊடுருவல் சோதனை என்று அழைத்தார். அடுத்த ஆண்டு அவரும் பெக்கும் எழுதிய பாடநூல் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

நம் ஊர்களில் அடுக்ககம் எழப்போகும் காலிமனைகளில் மூன்று கால்களை விரித்து நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே நடப்பது இதுதான். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கயிற்றால் இழுத்து விடுகிறார்கள். கீழே உள்ள குழாய் முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையிட்டபோது கலைந்த மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்பதை எண்ணி எழுதிக்கொள்கிறார்கள். நான்கைந்து அடியிலேயே இறங்கினால் மண் மிகத் தளர்ந்தது. ஐம்பது அடித்தும் இறங்கவில்லையென்றால் கெட்டித்தளம். சில மீட்டர்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்துகொண்டே கீழே போக வேண்டும். இடையிடையே மெல்லிய குழாயில் கலையாத மண்ணை எடுத்து, ஈரம் போகாமல் மெழுகால் அடைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு சிறு மண்வில்லையை நாள்கணக்கில் அழுத்தி, கட்டடத்தின் பல ஆண்டு அமிழ்வை முன்கூட்டியே கணிக்கிறார்கள்.

இத்தனை அடித்தளமான சோதனை, வெயிலில் கயிறு இழுக்கும் நான்கு தொழிலாளர்களின் கையையும் ஒருவருடைய எண்ணிக்கையையும் நம்பியிருக்கிறது. கயிறு தளர்ந்தால் எண் மாறும். சுத்தியல் அரையடி குறைவாக உயர்ந்தால் எண் மாறும். எண்ணுகிறவர் தேநீர் குடிக்கப் போனால் எண்ணே பிறக்காது, பின்னர் எழுதிக்கொள்ளப்படும்.

*

நூறாண்டு கழித்து இந்தப் பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டதா? சான் பிரான்சிஸ்கோவில் 2009-இல் முடிக்கப்பட்ட 58 மாடி மில்லேனியம் டவர், தரையிலிருந்து சுமார் 25 மீட்டர்வரை இறங்கும் கான்கிரீட் தூண்களின்மேல் நிற்கிறது. அத்தூண்கள் முடிந்த இடம் இறுகிய மணல்படுகை. மணலுக்குக் கீழே தடித்த பழங்களிமண். பாறை இருப்பது அறுபது மீட்டருக்கும் கீழே. 2016-இல் கட்டடம் சுமார் 40 சென்டிமீட்டர் அமிழ்ந்து சாய்ந்துவிட்டதாக வெளியுலகுக்குத் தெரிந்தது. அருகில் நடந்த அகழ்வும் நீரிறைப்பும்தான் காரணம் என்று ஒரு தரப்பு வாதிட்டது. வழக்குகள் நடந்தன. இறுதியில் பாறைவரை பதினெட்டுப் புதிய தூண்களை இறக்கும் பணி 2023-இல் முடிந்தது. மேலே கெட்டி, கீழே மென்மை: அடுக்கின் அமைப்பு டிரான்ஸ்கோனாவை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

நம் நிலைமைக்கு வருவோம். நாமும் ஏரிகளின்மேல் வாழ்கிறவர்கள்தாம். சென்னையின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் உருவானது. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையிலிருந்து எந்த ஏரியும் தெரிவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி எழுந்த அடுக்ககங்களின் கீழும் மென்களிமண் இருக்கிறது. தெற்கே கி.ராஜநாராயணனின் எழுத்து வழியாக நாம் அறிந்த கரிசல் காடு இருக்கிறது. மழையில் உப்பி, கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். அங்கே பாரத்தால் அல்ல, மண்ணின் மூச்சால் சுவர்கள் பிளக்கின்றன. அந்த மண்ணுக்காகவே ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஈரம் மாறாத ஆழத்தில் அடிபெருத்து நிற்கும் குமிழ்த்தூண்களை உருவாக்கித் தந்தது. ஒவ்வொரு மண்ணுக்கும் விடை உண்டு. ஆனால் அது எந்த மண் என்று முதலில் தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்ளும் கருவிகள் இன்று எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் கிடைக்கின்றன. செலவும் கட்டுமானத்தின் மொத்தச் செலவில் சிறு துளிதான். ஆயினும் மண் அறிக்கை என்பது அனுமதிக் கோப்பில் சேர்க்க வேண்டிய ஒரு தாளாக நின்றுவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. பக்கத்து மனையின் எண்களே பெயர் மாற்றி வருவதுண்டு என்று துறைசார்ந்தவர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பெரிய கட்டடத்துக்கு ஒரே ஒரு துளையோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. துளை எவ்வளவு ஆழம் போனது, எத்தனை இடத்தில் போட்டார்கள், களிமண் தட்டுப்பட்டபோது மாதிரி எடுத்தார்களா என்ற மூன்று கேள்விகளை, வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குகிறவர் கேட்பதில்லை. தரைக்கல்லின் நிறத்தைக் கேட்கிறார்.

ஒரு முழக் குழியைத் தோண்டியவர்களை நாம் எள்ள வேண்டியதில்லை. தாம் கட்டிய வீட்டின் அளவுக்கு அவர்கள் நேர்மையாகவே மண்ணைக் கேட்டார்கள். விடை அதமம் என்று வந்தால் அந்த மனையைக் கைவிடவும் சொன்னார்கள். நாம் பதினைந்து மாடி கட்டுகிறோம். அந்த அளவுக்கு ஆழமாகக் கேட்கும் கடமையும், பிடிக்காத விடை வந்தால் ஏற்றுக்கொள்ளும் கடமையும் நம்முடையவை.